இரண்டு ஸ்வெட்டருக்குள் மறைந்திருந்த நோய்

ஆசிரியருக்கு வணக்கம்.

‘கொலஸ்ட்ரால் குறைந்தால் மூளை வாடும், மனச்சோர்வு வரும், மாத்திரையை நிறுத்துங்கள்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி எங்கள் கோத்தகிரிப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. போன வருடம் அதைப் படித்துவிட்டு என் கணவர் மாத்திரையை நிறுத்தினார். அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர் தேயிலை. இலை ஏற்ற வரும் ஏஜென்டிடம் எடைக்கும் விலைக்கும் நாலு வார்த்தை பேசாமல் மூட்டையை விடமாட்டார். அப்படிப்பட்டவர் ஒருநாள் வாசல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. “எவ்வளவோ எழுதிக்கட்டும், விடு” என்றார். பேரன் போனில் கூப்பிட்டாலும் “அப்புறம் பேசறேன்னு சொல்லு.” ஏப்ரல் வெயிலிலும் இரண்டு ஸ்வெட்டர், கழுத்தில் மஃப்ளர். மலையில் குளிர் என்ன புதிதா என்று நானும் இருந்துவிட்டேன். பரிசோதித்ததில் கொலஸ்ட்ரால் 268. மாத்திரை எழுதித் தந்தார்கள். கெண்டைக்காலில் வலி வந்தது. அந்த நேரம் பார்த்து அந்தச் செய்தியும் வந்தது. மாத்திரையை விட்டார், சோர்வு விடவில்லை.

நான் பள்ளியில் உயிரியல் நடத்தியவள். உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது, பெரும்பாலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையில். அதை மூளை ரத்தத்திலிருந்து வாங்குவதில்லை. இடையிலுள்ள தடுப்பு விடாது, அதனால் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. ரிப்போர்ட்டில் இருக்கும் எண் மூளையின் இருப்புக் கணக்கு அல்ல.

இந்தப் பயம் காற்றில் முளைத்ததும் அல்ல. கொலஸ்ட்ரால் குறைந்தால் மனநிலையைச் சீராக வைக்கும் செரோட்டோனின் என்ற ரசாயனத்தின் வேலை மூளையில் கெட்டு, தற்கொலை எண்ணம் கூடலாம் என்று 1992-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கருத்து வந்தது. பிறகு பிரிட்டனில் 20,536 பேரைச் சுமார் 5 ஆண்டுகள் கவனித்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களிடம் தற்கொலை கூடவில்லை. இன்னொன்று, மனம் சோர்ந்தவர் சரியாகச் சாப்பிடமாட்டார், அதனாலேயே கொலஸ்ட்ரால் இறங்கும். எது முந்தியது என்று பார்க்காமல் பழி போடக்கூடாது.

எங்கள் வீட்டில் முந்தியது வேறு. ஆறு மாதம் கழித்து நாங்கள் பார்த்த வேறொரு மருத்துவர் அந்த மஃப்ளரைத்தான் முதலில் கவனித்தார். “குரல் எப்போதிலிருந்து இப்படிக் கரகரப்பா இருக்கு?” என்று கேட்டு, தைராய்டு பார்க்கச் சொன்னார். தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோன் 41. இருக்க வேண்டியது நாலு, ஐந்துக்குள். தைராய்டு சுரப்பு குறையும்போதுதான் இது இப்படி ஏறும். தைராய்டு சுரப்பு குறைந்தால் கல்லீரல் கெட்ட கொலஸ்ட்ராலை ரத்தத்திலிருந்து எடுப்பது குறைந்து, அளவு ஏறிவிடும். அதே குறைவு மனதையும் மந்தமாக்கும், குளிரும் தாங்காது. அந்த நிலையில் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிட்டால் தசைவலிக்கும் வாய்ப்பு கூடுதலாம்.

இப்போது விடிந்ததும் தைராய்டு மாத்திரை, அரைமணி நேரம் கழித்துத்தான் டீ. நாலு மாதத்தில் கொலஸ்ட்ரால் 211 ஆனது. மருத்துவர் சொன்னபடி நிறுத்திய மாத்திரையையும் மறுபடி தொடங்கிவிட்டார், கால்வலி இல்லை. ஏஜென்டோடு பேச்சும் திரும்பிவிட்டது. மனசு முழுக்கத் தெளிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன், மாதம் ஒருமுறை உதகைக்குப் போய் மனநல மருத்துவரைப் பார்க்கிறோம். எல்லா மனச்சோர்வுக்கும் தைராய்டு காரணமில்லை என்பதும் தெரியும். ஆனால் கொலஸ்ட்ராலும் ஏறி, ஆளும் ஒடுங்கியிருந்தால் அந்த ஒரு பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மனம் தாங்காத நேரத்தில் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ல் பேசலாம், இலவசம்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. கொண்டுவருபவர்கள் கூடவே இரண்டு கேள்வி கேட்கட்டும்: இந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து கிடந்ததா? தேயிலைச் சரிவில் ஏறி இறங்கி மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண்ணிடம் எங்கள் ஊரில் யாரும் எதையும் மறைக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
கோத்தகிரி