நாலு நாள் ஏன் சொல்லலை?

சத்துவாச்சாரி,
திங்கட்கிழமை ராத்திரி

பாப்பா,

கடை ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உட்கார்ந்து இதை அடிக்கிறேன். இன்னிக்கு மனு நாள். காலையில ஒன்பது மணிக்கே வாசல்ல இருபது பேர். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாய்க்கால் ஆக்கிரமிப்புன்னு அடிச்சு அடிச்சு விரல் நோவுது. ஆனா நாள் பூரா மனசு உன்கிட்டதான் இருந்துச்சு.

திரையில சிவப்பா வைரஸ் எச்சரிக்கை வந்து, போன்ல பேசின ஒருத்தன் மாப்பிள்ளையை ஏதோ சாப்ட்வேர் போட வச்சு, உன் கம்ப்யூட்டர் கெட்டதுல எனக்கு வருத்தம் இல்லை கண்ணு. நாலு நாள் அதை என்கிட்ட சொல்லாம வச்சிருந்தியே, அதுதான் உறுத்துது. கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ல கடை போட்டு இருபத்திரண்டு வருஷமா ஊர்ல இருக்கற பென் டிரைவை எல்லாம் சொருகிப் பார்த்தவ உன் அம்மா. "இவ்ளோ படிச்சும் ஏமாந்துட்டியேன்னு கேப்பேன்னு பயந்தேம்மா"ன்னு நேத்து சொன்னே. அந்த ஒரு வார்த்தை ராத்திரி என்னைத் தூங்க விடலை. போன்ல சொன்னா பாதி மறந்துடும். இதை பிரிண்ட் எடுத்து ஸ்க்ரீன் பக்கத்துல ஒட்டி வச்சுக்கோ.

முதல்ல அந்த ஆள் மாப்பிள்ளையை போடச் சொன்ன சாப்ட்வேர். அது தூரத்துல இருக்கறவன் உன் மெஷினை அவன் மேஜையில இருக்கற மாதிரி இயக்கறதுக்கான வழி. பேங்க் பேரைக் கேட்டதும் மாப்பிள்ளை போனை வச்சுட்டார்னு சொன்னே, அது பெரிய காரியம், அவர்கிட்ட நான் சொன்னதா சொல்லு. ஆனா போனை வச்சதால அந்தக் கதவு சாத்திடாது. வைஃபையை அணைச்சுட்டு அந்த சாப்ட்வேரை எடுத்துடு. அப்புறம் பாஸ்வேர்டு எல்லாத்தையும் மாத்தணும், இந்த மெஷின்லேர்ந்து வேண்டாம், உன் போன்லேர்ந்து மாத்து. மெயில் பாஸ்வேர்டு முதல்ல, பேங்க் அதுக்கப்புறம். ஏன்னா மத்த எந்தப் பாஸ்வேர்டை மறந்தாலும் மாத்தற லிங்க் மெயிலுக்குத்தான் வரும். மெயில் அவன் கையில இருந்தா நீ மாத்த மாத்த அவனும் மாத்திக்கிட்டே இருப்பான். பணம் போகலைன்னாலும் பேங்க்கு போன் பண்ணி நடந்ததைச் சொல்லி வை.

அந்தச் சைரன் சத்தம் போட்ட சிவப்புப் பக்கம் இருக்கே, அது வைரஸே இல்லைடி. வெறும் வெப்சைட். திரையை முழுசா அடைச்சுக்கும், மூடற இடம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் அதோட வித்தை. எஸ்கேப் பட்டனை ஒரு ரெண்டு மூணு செகண்டு அழுத்திப் பிடி, திரை சுருங்கும். சுருங்கலைன்னா கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பிரவுசரைப் பிடிச்சு முடிச்சு விடு. திரும்பத் திறக்கறப்ப பழைய பக்கங்களை மறுபடி திறக்கட்டுமான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லிடு. ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்கோ. மைக்ரோசாஃப்டோட உண்மையான எச்சரிக்கையில போன் நம்பர் எப்பவுமே இருக்காது. நம்பர் இருந்தாலே அது திருடன் எழுதினது.

அதுக்கப்புறமும் ஓரத்துல "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்"னு சின்னச் சின்னதா பொத்து பொத்துன்னு வந்துக்கிட்டே இருந்துச்சுன்னியே, அது வேற கதை. குட்டிப் பையன் விளையாட்டுக்கு ஏதோ இலவசமா தேடியிருக்கான். ஒரு சைட்டு "அலோ" அழுத்தினாத்தான் உள்ள விடுவேன்னு சொல்லியிருக்கும், குழந்தை அழுத்தியிருக்கும். அன்னிலேர்ந்து அந்த சைட்டுக்கு உன் திரையில நோட்டீஸ் ஒட்ட உரிமை வந்துடுச்சு. பிரவுசர் செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன்னு தேடு. அனுமதி வாங்கின சைட்டெல்லாம் வரிசையா நிக்கும், பேர் தெரியாததை எல்லாம் நீக்கு. மூணு நிமிஷ வேலை. நீ நாலு நாள் அழுதது இதுக்குத்தான். குழந்தையை அடிக்காதே. அவனுக்குன்னு ஒரு தனி அக்கவுன்ட் போட்டுக் கொடு, எதையும் இன்ஸ்டால் பண்ண உன் பாஸ்வேர்டு கேட்கற மாதிரி.

இப்ப நீ பயத்துல ஏத்தின ரெண்டு ஆன்டிவைரஸ். மெஷின் ஆமையா நகருதுன்னு சொன்னதுக்கு முக்காவாசிக் காரணம் இதுதான். ஒரு ஃபைலைத் திறந்தா முதல்ல இது சோதிக்கும், அது சோதிக்கறதை இன்னொண்ணு சோதிக்கும். ஒண்ணு பிடிச்சு வச்சிருக்கற வைரஸை இன்னொண்ணு பார்த்துட்டு கூப்பாடு போடும். ரெண்டையும் எடுத்துடு. சாதாரணமா எடுத்தா கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும், அதனால அந்தந்தக் கம்பெனியோட சைட்டுல அதை முழுசா நீக்கற கருவியை எடுத்து ஓட விடு. அப்புறம் ரீஸ்டார்ட் பண்ணினா விண்டோஸோட வர்ற டிஃபெண்டர் தானா முழிச்சுக்கும். வேற ஆன்டிவைரஸ் இருக்கற வரைக்கும் அது ஒதுங்கித்தான் நிக்கும். வீட்டு கம்ப்யூட்டருக்கு அது போதும்ங்கறது என் அபிப்பிராயம். கடையிலயும் நான் அதைத்தான் வச்சிருக்கேன்.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திற, ஸ்கேன் ஆப்ஷன்ஸ்க்குப் போ. ஃபுல் ஸ்கேனை ராத்திரி போட்டுட்டுப் படு. காலையில எழுந்து ஆஃப்லைன் ஸ்கேன் போடு. மெஷின் அணைஞ்சு எழுந்து, விண்டோஸ் முழுசா ஏறறதுக்கு முன்னாடியே தேடும், கால் மணி நேரம் ஆகும். ஓடிக்கிட்டிருக்கற வைரஸ் ஒளிஞ்சுக்கும், தூங்கறப்ப பிடிச்சா ஒளிய முடியாது.

பேங்க் சைட்டு "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல"ன்னு சொல்லுதுன்னு பயந்தியே. கீழ் ஓரத்துல தேதி என்ன காட்டுதுன்னு நான் கேட்டது அதுக்காகத்தான். 2019னு நீ படிச்சப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. மதர்போர்டுல நாலணா அளவுல ஒரு பட்டன் பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032. கரன்ட் இல்லாதப்ப கடிகாரத்தை ஓட வைக்கறது அது. உன்னுது செத்துப் போச்சு. ஒவ்வொரு சைட்டும் தான் நிஜம்னு காட்ட வச்சிருக்கற சான்றிதழுக்கும் ஆரம்பத் தேதி, முடியற தேதின்னு உண்டு. உன் மெஷின் இன்னும் 2019-லயே நின்னா, சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லைன்னு நினைச்சு எல்லாத்தையும் சந்தேகப்படும். ஆன்டிவைரஸும் அப்டேட் ஆகாது. வைரஸ்னு பயந்து எத்தனையோ பேர் மெஷினையே தூக்கிட்டு என்கிட்ட வந்திருக்காங்க. ஒரு சின்ன பேட்டரியைப் போட்டு அனுப்பி வச்சேன்.

அந்த மெஷினை நீ இங்கேர்ந்துதானே எடுத்துட்டுப் போனே. வேலூர் வெயிலும் சாலைப் புழுதியும் அதுக்குள்ள இருக்கும். பக்கத்துக் கதவைத் திறந்து ஃபேனைப் பென்சிலால பிடிச்சுக்கிட்டு பிரஷ்ஷால தூசி தட்டு, ப்ளக்கைப் பிடுங்கிட்டு. விண்டோஸ் 10-ஆ இருந்தா 2025 அக்டோபர் 14-ஓட அதுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்னாச்சு. ஒரு வருஷ நீட்டிப்பு உண்டு, அதுல பதிஞ்சுக்கோ, இல்லைன்னா 11-க்கு மாறு. அப்டேட்டைத் தள்ளிப் போடாதே. 2017 மே மாசம் வானாக்ரைங்கற, ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்கற வைரஸ் வந்து நூத்தைம்பது நாட்டுல கம்ப்யூட்டரைப் பூட்டினப்ப, அதைத் தடுக்கற அப்டேட் ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே வந்துடுச்சு. போட்டவங்க நிம்மதியா இருந்தாங்க. கடையில அந்தப் பழைய பேஜ்மேக்கர் ஓடற மெஷின் இருக்கு இல்லை, கல்யாணப் பத்திரிகைக்கு. அதுக்கு அப்டேட் வராது, அதனால நெட்டே கொடுக்கறதில்லை.

போன வருஷம் இதே மாதிரி ஒரு திங்கட்கிழமை, குடியாத்தம் பக்கத்துலேர்ந்து ஒரு பெரியவர் வந்தார். ரிடையர் ஆனவர். நம்ம மாப்பிள்ளைக்கு வந்த அதே போன்தான் அவருக்கும். அவர் வைக்கலை. சேமிப்பு போயிடுச்சு. என் எதிர்ல ஸ்டூல்ல உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் புகார் மனு அடிச்சேன். சம்பவம் நடந்த தேதின்னு கேட்டப்ப பதினோரு நாளைக்கு முந்தின தேதியைச் சொன்னார். நான் கையை நிறுத்திட்டேன். ஏன் சார் இவ்ளோ நாள்னு கேட்டேன். பையனுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பான்னு இருந்துட்டேம்மான்னார். தொடர்பு எண்ணுன்னு வர்ற இடத்துல பையன் நம்பரைப் போடாதீங்கன்னு ரெண்டு தடவை சொன்னார். மனுவை மடிச்சு சட்டைப் பையில வைக்கறப்ப அது உள்ள போகவே மாட்டேங்குது, கை அவ்வளவு நடுங்குது.

சைபர் மோசடியைப் புகார் பண்ண 1930-னு ஒரு நம்பர் இருக்கு பாப்பா. பணம் போனா, போன நிமிஷமே அதுக்குப் போன் பண்ணணும். பணம் ஒரு அக்கவுன்ட்லேர்ந்து இன்னொண்ணுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், ஏ.டி.எம்.ல எடுக்கறதுக்குள்ள வழியில நிறுத்தி வைக்க முடியும். நாம தகவல் சொன்ன பிறகு போற பணத்துக்கு பேங்க் பொறுப்புங்கறது 2017-லேர்ந்து ரிசர்வ் பேங்க் விதி. சொல்றதுக்கு முன்னாடி நம்ம கவனக்குறைவால போனது நம்ம தலையில. அப்படின்னா மணிக்கணக்கு எவ்வளவு முக்கியம்னு நீயே பார்த்துக்கோ. அவருக்கு பதினோரு நாள்.

அவரைச் சொல்றேன், நானும் அப்படித்தான் இருந்தேன். உன்கிட்ட பத்து வருஷத்துக்கு மேல ஒண்ணை மறைச்சு வச்சிருக்கேன்.

2015, ஆடி மாசம். காதுகுத்துப் பத்திரிகைக்கு ஒருத்தர் பென் டிரைவ் கொடுத்தார். உள்ள "அழைப்பிதழ்"னு ஒரு ஃபைல், பி.டி.எஃப். படம்தான் போட்டிருந்துச்சு. விண்டோஸ் ஃபைலோட வால் பேரை மறைச்சுத்தான் காட்டும். அதைத் திறந்து காட்டியிருந்தா கடைசியில இ.எக்ஸ்.இ.ன்னு இருந்தது, அது பத்திரிகை இல்லை, ஒரு புரோகிராம்னு தெரிஞ்சிருக்கும். ரெண்டு தடவை க்ளிக் பண்ணினேன், ஒண்ணும் ஆகலை. டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா ஒவ்வொரு ஃபோல்டரா பேர் மாறிக்கிட்டு இருக்கு. பணம் கொடுத்தா திறப்பேன்னு ஒரு பக்கம் வந்துச்சு. நான் கொடுக்கலை. பேக்கப் எடுக்கற எக்ஸ்டர்னல் டிஸ்க் எப்பவும் சொருகியேதான் இருக்கும், கழட்ட சோம்பல். அதையும் சேர்த்துப் பூட்டிடுச்சு.

அதுலதான் அப்பா போட்டோ எல்லாம் இருந்துச்சு. விரிஞ்சிபுரம் கடை ஞாயிறுக்குப் போனப்ப உன்னைத் தோள்ல தூக்கி வச்சிருந்தது. கோட்டைப் பூங்காவுல நீ ஓட ஓட அவர் சிரிச்சுக்கிட்டே பேர் சொல்லிக் கூப்பிடற வீடியோ. அவர் குரல் இருந்தது அது ஒண்ணுலதான். அவர் போய் அப்ப ரெண்டு வருஷம். நீ ப்ளஸ் டூ. அப்பா வீடியோவைக் காட்டும்மான்னு நீ கேட்டப்பல்லாம் கடையில இருக்கு, அப்புறம் பார்க்கலாம்னேன். அப்புறம் நீ கேக்கறதையே விட்டுட்டே.

அந்த டிஸ்க் பீரோவுல உன் பட்டுப் பாவாடைக்குக் கீழ துணியில சுத்தி இருக்கு. 2016-ல ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் ரெண்டு ஆன்டிவைரஸ் கம்பெனிகளோட சேர்ந்து நோ மோர் ரேன்சம்னு ஒரு சைட்டு ஆரம்பிச்சாங்க. பூட்டின ஃபைலைத் திறக்கற சாவி கிடைக்கக் கிடைக்க இலவசமாப் போடறாங்க. வருஷா வருஷம் அப்பா திதிக்கு மறுநாள் அதுல போய்த் தேடறேன். நம்ம பூட்டுக்கு இன்னும் சாவி வரலை. அழிக்காம வச்சிருந்தா என்னிக்காவது வரும்.

அதனால பேக்கப் எடு. ரெண்டு இடத்துல எடு, அதுல ஒண்ணு எடுத்து முடிச்சதும் கழட்டி அலமாரியில போயிடணும். ஒயர் தொடாத டிஸ்க்கை எந்த வைரஸாலயும் தொட முடியாது. மாசப் பிறப்பு அன்னிக்கு எடுத்தா மறக்காது, நான் அப்படித்தான் எடுக்கறேன். எடுத்ததுல ரெண்டு போட்டோவைத் திறந்தும் பார்த்துடு, திறக்காத பேக்கப்பை நம்பாதே.

நீ காலேஜ் போறப்ப அப்பாவோட பழைய பட்டன் போனை எடுத்துட்டுப் போனே. ஞாபகம் இருக்கா, நீலக் கலர், பின் மூடிக்கு ரப்பர் பேண்டு போட்டிருக்கும். உள்ள ஒரு மெமரி கார்டு இருந்திருக்கணும். அந்தப் போன் இன்னும் உன்கிட்ட இருந்தா, கார்டை இப்ப இந்த மெஷின்ல சொருகாதே. ரெண்டு ஸ்கேனும் முடிஞ்சு சுத்தம்னு வரட்டும். ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு எனக்கு வீடியோ கால் போடு. ரெண்டு பேரும் சேர்ந்தே திறந்து பார்ப்போம்.

அம்மா