ஹியூவெண்டன் மாளிகைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்திவரும் மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். லண்டனிலிருந்து ஒரு நாள் சுற்றுலாவாகப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல, பக்கிங்ஹாம்ஷயரில் ஹை விக்கம் ஊரை அடுத்துள்ள ஹியூவெண்டன் மாளிகை மிகவும் ஏற்ற இடம். இருமுறை பிரதமராக இருந்த பெஞ்சமின் டிஸ்ரேலி 1848 முதல் 1881இல் மறையும்வரை தம் இல்லமாகக் கொண்டிருந்த வீடு அது. கட்சித் தலைமைக்கு வர நிலவுடைமை வேண்டியிருந்த காலத்தில், பென்டிங்க் குடும்பத்தார் கொடுத்த 25,000 பவுண்டு கடனைக்கொண்டுதான் அவர் அதை வாங்கினார். வேலூர்ப் புரட்சிக்குப் பின் சென்னை ஆளுநர் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்ட வில்லியம் பென்டிங்க்கும் அக்குடும்பத்தவரே.

உணவறையில் ஒரு நாற்காலி இருக்கிறது. 1877 டிசம்பரில் விக்டோரியா அரசி விருந்துக்கு வந்தபோது, குள்ளமான அவருடைய பாதங்கள் தரையில் படவேண்டும் என்பதற்காக அதன் கால்களை அறுத்துக் குறைத்தார்கள் என்று சொல்வார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள்; சிரிக்கட்டும். ஆனால் அந்த ஆண்டு எது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

டிஸ்ரேலி 1876இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, 1877 ஜனவரி 1 அன்று டெல்லி தர்பாரில் விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்டபோது, நம் பாட்டன்மார் 'தாது வருஷத்துப் பஞ்சம்' என்று சொல்லிவந்த பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைத் தின்றுகொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான, தானியம் போதும் என்று கணக்கிட்டது டிஸ்ரேலி தேர்ந்தெடுத்த வைஸ்ராய் லிட்டனின் நிர்வாகம். பஞ்சத்தில் மாண்டோர் ஏறத்தாழ 55 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். அரசி ஹியூவெண்டனில் விருந்துண்ட டிசம்பரிலும் அது முற்றிலும் ஓயவில்லை.

அப்போது சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகனின் மாளிகையான ஸ்டோவும் இதே மாவட்டத்தில்தான் உள்ளது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் நீளக் கால்வாய்ப் பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாக, பசித்த மக்களே 1877-78இல் வெட்டினார்கள். அந்தக் கால்வாய்க்கு அவர் பெயரே நிலைத்தது. விடுமுறைக்குச் சென்னை சென்றுவந்த பிள்ளைகள் பலர் அதன் பாலங்களைக் கடந்திருப்பார்கள்; பெயர் எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

டிஸ்ரேலியை வில்லனாக்கிக் காட்டும்படி நான் கேட்கவில்லை. யூதராகப் பிறந்து அந்த நாட்டின் பிரதமரான அவர் கதையைப் பிள்ளைகள் அறியத்தான் வேண்டும். மனைவி மேரி ஆனின் பக்கத்தில் அவர் உறங்கும் தேவாலய முற்றத்துக்கும் கூட்டிச் செல்லுங்கள். பஞ்சத்தில் எலும்பாகிப் போனவர்களை புகைப்படக்காரர் ஹூப்பர் அக்காலத்தில் எடுத்த படங்களைச் சிறு பிள்ளைகளுக்குக் காட்டவேண்டாம். பக்கிங்ஹாம் கால்வாயின் படம் ஒன்றைக் கையில் கொண்டுபோய், அந்த நாற்காலிக்கு அருகில் நின்று காட்டினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் மாணவி ஒருத்தியின் தந்தை