லாங்கே சைக்கிள் பயணம்: கிளம்பும் முன்

நண்பர்களே, இத்தாலியின் லாங்கே திராட்சைத் தோட்டங்களுக்கு வருபவர்கள் கவனத்துக்கு. உயரம் பெரிதில்லை, லா மோரா ஊரே ஏறக்குறைய 500 மீட்டர்தான். ஆனால் மொன்ஃபோர்த்தே, செர்ராலுங்கா என்று குன்றுக்கு ஓர் ஊர். ஏறி முடித்து மூச்சு வாங்குவதற்குள் இறக்கம், உடனே அடுத்த ஏற்றம். நாள் முழுக்க இதே கதை. அதனால் பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் 34 பல் உள்ள கேசட் (கியர் பல்சக்கர அடுக்கு) போட்டுக்கொள்ளுங்கள், ஏற்றத்தில் மிதிப்பது லேசாகும், முழங்கால் வாழ்த்தும். அக்டோபர் காலையில் பள்ளத்தாக்கில் மூடுபனி இறங்கும். முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம்.

அப்புறம், இந்தப் பகுதியின் பரோலோ ஒயின் ருசிப்பது சைக்கிளை நிறுத்திப் பூட்டிய பிறகுதான். அங்கே குடித்துவிட்டுச் சைக்கிள் ஓட்டினாலும் குற்றம். வழிகாட்டி முன்னால் போவார், துணை வேன் பின்னால் வரும்.

இ-பைக் (மிதிக்க மோட்டார் உதவும் சைக்கிள்) வேண்டுமென்றால் வெள்ளிக்குள் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.