கீதாவைப் படுக்க வைக்காதே

அன்புள்ள மல்லிகா,

கீதாவுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று நீ எழுதியதைப் படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு டாக்டர் அதே பெயரைச் சொல்லி ஒன்பது வருடமாகிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

அவளை ஒரு வேலையும் செய்யவிடாமல் படுக்க வைத்திருக்கிறீர்களாம். பாசத்தில் செய்வதுதான், ஒரு காலத்தில் டாக்டர்களே ஓய்வெடுக்கத்தான் சொன்னார்கள். ஆனால் இந்த நோயில் நரம்பைச் சுற்றியுள்ள மையலின் என்ற உறை பழுதாகி வரும் தளர்ச்சி வேறு, படுத்தே கிடந்து தசை இளைப்பதால் வரும் தளர்ச்சி வேறு. இரண்டாவதை நாம் தடுக்கலாம், மல்லிகா.

நானும் முதல் வருடம் வெளியே நடக்கவே இல்லை. தள்ளாடுவதைப் பார்த்துக் குடித்திருக்கிறாள் என்று நினைப்பார்களோ என்று கூச்சம். இங்கே சவுத்தாம்ப்டனில் என் பிசியோதெரபிஸ்ட்தான், மகன் ஓரங்கட்டிய நிண்டெண்டோ வீயை, அதாவது டிவியில் இணைத்து விளையாடும் வீடியோ கேம் பெட்டியை, எடுக்கச் சொன்னார். அதற்கு பேலன்ஸ் போர்டு என்று ஒரு வெள்ளைப் பலகை உண்டு. ஏறி நின்றால், எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று டிவியில் தெரியும். ஒரு விளையாட்டில் உடம்பைச் சாய்த்துச் சாய்த்தே கோலிகளைக் குழிக்குள் விழவைக்க வேண்டும். இத்தனை நாளும் வலது காலை நம்பியே நின்றிருக்கிறேன் என்பது அதில்தான் தெரிந்தது. முதல் நாள் மூன்று கோலி விழுந்ததும் அழுதுவிட்டேன்.

ரோமில் இதே நோயுள்ள 27 பேரை 12 வாரம் இதே பலகையில் பழக்கி, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். தள்ளாட்டம் குறைந்தது, மூளை ஸ்கேனிலும் மாற்றம் தெரிந்தது. ஆனால் பயிற்சியை விட்டதும் பலன் நிலைக்கவில்லை. என் அனுபவமும் அதேதான். ஒரு மாதம் விட்டால் மறுபடி சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. போர்ன்மத் பல்கலைக்கழகக் குழுவும் 30 பேரை வீட்டிலேயே வீ விளையாட வைத்துப் பார்த்தது. சின்ன ஆய்வுகள்தான், இருந்தாலும் எனக்குத் தெம்பு தந்தன.

மதுரை வெயிலை நினைத்தால்தான் கவலை. உடம்பு சூடேறினால் பார்வை மங்கும், கால் பின்னும். ஆறியதும் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம். விடியற்காலையில், ஃபேனுக்குக் கீழே, பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலியோடு ஐந்து நிமிடம் போதும். ஆனால் அங்குள்ள பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான்.

வீ இப்போது புதிதாக வருவதில்லை. இங்கே ஒரு கடையில் பழையது ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். டிசம்பரில் மகன் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். அதற்குள் கீதாவை ஞாயிற்றுக்கிழமை எனக்கு போன் செய்யச் சொல்லுடி. நான் அவளோடு தனியாகப் பேச வேண்டும்.

உன்,
சாந்தி