சொல்லிவிட்டுத் தொட்டவர்களுக்கு

சென்ற மாதம், கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், வேலூரில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் 6 நாள் இருந்தோம். அங்கே எங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இந்த மடல். பெயர் போடக் கூடாது என்று சிஸ்டர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். படித்தால் அவரவருக்குத் தெரியும்.

என் மகனுக்கு 9 வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. எங்கள் வீடு காட்பாடியில், ரயில் நிலைய அறிவிப்பு காதில் விழும் தூரத்தில் இருக்கிறது. வேண்டியதைச் சொந்தமாகச் சொல்லிக் கேட்க அவனுக்கு வராது. ஆனால் அந்த அறிவிப்புகள் ஒரு எழுத்து பிசகாமல் மனப்பாடம். சாப்பாடு வேண்டுமென்றால் "வந்துகொண்டிருக்கிறது" என்பான். பிடிக்காததைத் தட்டில் வைத்தால் "ரத்து செய்யப்பட்டுள்ளது". எங்கள் வீட்டுப் பேச்சே இப்படித்தான்.

அன்று "தாமதமாக, தாமதமாக" என்று முனகிக்கொண்டு சுருண்டு படுத்திருந்தான். முதலில் போன இடத்தில் வாயு என்று ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார்கள். நாள் முழுக்கக் குதிக்கிற பையன் நேற்றிலிருந்து குதிக்கவே இல்லை என்றேன். "அமைதியா இருக்கானே, நல்லதுதானேம்மா" என்றார்கள். சரி என்று திரும்பிவிட்டோம். அந்த 'சரி'க்காக என்னை நானே இன்னும் திட்டிக்கொள்கிறேன். ராத்திரி காய்ச்சல் ஏறியது. ஆட்டோ பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது மணி 11.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டரிடமும் அதையேதான் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். "எப்பலேர்ந்து குதிக்கலை?" என்று கேட்டார். குடல்வால் வீங்கியிருந்தால் குதிக்கும்போது வயிறு அதிர்ந்து வலிக்கும், அதனால் பிள்ளைகள் குதிக்க மாட்டார்கள், நன்றாகப் பேசுகிற பிள்ளையைக்கூடக் குதிக்கச் சொல்லிப் பார்ப்பது உண்டு என்று அப்புறம் விளக்கினார். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலப்பக்கம் இறங்கியதை இவன் எங்கே சொல்லப் போகிறான்? ஸ்கேனில் அதேதான். காலையில் ஆபரேஷன் என்று முடிவாயிற்று. டாக்டர், ஒரு அம்மா சொன்னதை நோய்க்குறியாக எடுத்துக்கொண்டீர்களே, அதற்கு நன்றி.

அடுத்து ட்ரிப்ஸ் ஊசி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 5 வயதில், வேறோர் இடத்தில், ரத்தம் எடுக்க நாலு பேர் அவனை அமுக்கிப் பிடித்தார்கள். அதிலிருந்து வெள்ளைக் கோட்டைக் கண்டாலே தலையில் அடித்துக்கொள்வான். இதைச் சொன்னதும் நைட் டியூட்டி சிஸ்டர், "தம்பிக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். சொன்னேன். இடது புறங்கையில் மரத்துப்போகும் களிம்பைப் பூசினார், தலைக்கு மேலிருந்த டியூப்லைட்டை அணைத்தார், போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, மூக்கால் பேசத் தொடங்கினார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ஊசி விரைவு வண்டி இன்னும் சற்று நேரத்தில் இடது கை நடைமேடைக்கு வந்து சேரும்."

முனகல் நின்றது. சிஸ்டரின் வாயையே பார்த்தான். "வந்து சேரும்" என்றான். கையை அவனே நீட்டினான். ஊசி ஏறும்போது கத்தத்தான் செய்தான், மறைப்பானேன். ஆனால் கையை இழுக்கவில்லை. யாரும் பிடிக்கவில்லை, நான் உட்பட.

ஷிப்ட் மாறும் முன் அவர் ஒரு தாளில் 'தொடும் முன் அறிவிப்பு செய்யவும்' என்று எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிட்டுப் போனார். அப்புறம் தெர்மாமீட்டர், பிரஷர் பார்க்கிற பட்டை, எல்லாமே வண்டிகள்தான். கேரளத்துச் சிஸ்டர் ஒருவர் 'நடைமேடை'யைத் தன் வழியில் உச்சரிக்க, இவன் மூன்று தடவை திருத்தினான். அவரும் மூன்று தடவை திருப்பிச் சொன்னார்.

மயக்க மருந்து டாக்டர் முகமூடியை முன்கூட்டியே கொண்டுவந்து அவன் கையில் கொடுத்து, மோந்து பார்க்கவிட்டார். தியேட்டருக்குள் அவன் தூங்கும்வரை என்னை நிற்கவிட்டார். கையில் பெயர்ப்பட்டையைத் தாங்க மாட்டான் என்று காலில் சாக்ஸின் மேல் பஞ்சு வைத்துக் கட்டினார்கள்.

துப்புரவு அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பினாயில் வாசனை அவனுக்குக் குமட்டும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அவராகவே கவனித்து, நாங்கள் வராந்தாவில் நடக்கும் நேரம் பார்த்து எங்கள் பக்கம் துடைத்தார். வரும்போது வாளியை இரண்டு தட்டு தட்டுவார். அது அவருடைய அறிவிப்பு.

பக்கத்துக் கட்டில் ஆம்பூர் பாட்டிக்கும் நன்றி. "சத்தம் ஆகாதாமே புள்ளைக்கு" என்று பேரனின் போனை வாங்கி மடியில் முடிந்துகொண்டார்.

வீட்டுக்குப் புறப்படும் அன்று சமூகப் பணியாளர் 'நிராமயா' கார்டு இருக்கிறதா என்று கேட்டார். கேள்விப்பட்டதே இல்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிற, ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் உண்டான காப்பீடாம், ஆண்டுக்கு 1 லட்ச ரூபாய் வரை. ஊனச் சான்றிதழ் வேண்டும். எங்களோடு உட்கார்ந்து என்னென்ன சேர்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். இத்தனை வருடம் தெரியாமல் இருந்திருக்கிறோம். உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் இதை விசாரியுங்கள்.

போன வாரம் மறுபரிசோதனைக்கு வந்தோம். மாமனார் ஆற்காட்டிலிருந்து வாங்கிவந்த மக்கன் பேடாவை வார்டில் கொடுத்தோம். நைட் டியூட்டி சிஸ்டர், அன்று உங்களுக்கு லீவாம். தம்பி நர்ஸ் மேசைக்கு முன்னால் இடது கையை நீட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். வண்டி வரவில்லை. "தாமதமாக" என்று சொல்லிவிட்டு, படிக்கட்டு முழுக்கக் குதித்துக்கொண்டே இறங்கினான்.