குழந்தைவேலுக்கு, எஞ்சின் வந்து இறங்கும் முன்

அன்புள்ள குழந்தைவேலு,

இங்கே எல்லோரும் நலம். மழை ஒரு தூறலோடு சரி. சின்னவளுக்கு ஈரோட்டில் வேலை கிடைத்திருக்கிறது, பஸ்ஸில் போய் வருகிறாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுச் சேதி இவ்வளவுதான்.

உன் சேதியை உன் மச்சினன் வாயால்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சந்தையில் பார்த்தேன். கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடையில் உங்கள் மேஸி 1035 டிராக்டருக்கு எஞ்சினும் கியர் பாக்ஸும் பேசி முடித்தாயிற்று, அட்வான்ஸும் கொடுத்தாயிற்று என்றான். ஐடிஐயில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீசல் மெக்கானிக் படித்தவன் ஒருவன் இந்த ஊரில் இருக்கிறான், அவனுக்கு ஒரு போன் போடத் தோன்றவில்லை உனக்கு. இந்தக் கோபத்தை நேரில் தீர்த்துக்கொள்கிறேன். சங்ககிரி புரோட்டா விஷயத்தை உன் மருமகளிடம் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஆனால் உங்கப்பா வண்டியை மறுபடி ஓடவைக்கப் போகிறாய் என்றதும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! அந்த மூன்று சிலிண்டர் சிம்சன் எஞ்சின் சத்தம் கரட்டுக்கு அந்தப் பக்கம் வரும்போதே உங்கள் வீட்டு நாய் எழுந்து நிற்குமே. கொட்டகையில் துருப்பிடித்து நிற்கிறதே என்று நான் உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இப்போதாவது மனசு வந்ததே.

விஷயம் அதுவல்ல. “குட்டி யானை வண்டியில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிடலாம், நாலு பேர் பிடித்தால் இறக்கிவிடலாம்” என்று நீ சொன்னதாக மச்சினன் சொன்னான் பார், அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் எங்கள் தெருவில் ஒரு காரியம் நடந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர் டிராக்டரின் பின் சக்கரத்தை ரிம்மோடு கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய் வெல்டு வைத்துக்கொண்டு வந்தார். உன் வண்டிக்கு இருக்கிற அதே 12.4-28 டயர். சேற்று உழவுக்காக முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி வைத்திருந்தது. டயர், ரிம், நூற்றைம்பது லிட்டர் அளவுக்குத் தண்ணீர், எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு என்று நீயே கணக்குப் போடு. பட்டறையில் தண்ணீரை இறக்கித்தான் வேலை பார்த்தார்கள், மாட்டும்போது திரும்ப நிரப்பியும் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் வைத்து நிரப்பிக்கொள்ளலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று பையன்கள். இரண்டு பலகை சாய்த்து, கொண்டுவந்த வண்டியிலிருந்து சக்கரத்தை உருட்டி இறக்கினார்கள். இறங்கும்போது ஒன்றும் ஆகவில்லை, அதைத்தான் நீ கவனிக்க வேண்டும். சக்கரம் தரைக்கு வந்துவிட்டது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஒருவன் பலகையை எடுக்கக் குனிந்தான். அந்த நேரத்தில் சக்கரம் காம்பவுண்டு சுவர்ப் பக்கம் சாய்ந்தது. நாலடி உயரச் சக்கரம், அகலம் ஓரடிதான். மேல்விளிம்பு ஓரடி தள்ளிச் சாய்ந்துவிட்டால் அப்புறம் அதை யாராலும் திருப்ப முடியாது, உள்ளே இருக்கிற தண்ணீரும் சாய்கிற பக்கமே போய்ச் சேர்ந்துகொள்ளும். கடைசிப் பையன் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தான். சக்கரம் அவனையும் சேர்த்துக்கொண்டு இறங்கியது. சுவரோரப் படிக்கும் ரிம்முக்கும் நடுவில் வலது கால்.

நான் கடப்பாரையோடு ஓடினேன். நெம்பித் தூக்கி, அடியில் கட்டை கொடுத்து, காலை வெளியே எடுக்கிற வரைக்கும் அவன் ஒரு சத்தம் போடவில்லை. என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தான். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டன. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பான் என்றுதான் சொல்கிறார்கள். இருபத்திரண்டு வயசு. கூலிக்கு வந்தவன் கிடையாது, “கொஞ்சம் கை கொடுப்பா” என்று கூப்பிட்டதற்காக வந்தவன். 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் சட்டமே போட்டிருக்கிறார்கள், வாரியம் இருக்கிறது. அதில் பதிந்த லோடுமேனுக்காவது கேட்க ஓர் இடம் உண்டு. கை கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பையனுக்கு எங்கே போய்க் கேட்பது?

எனக்கு ஆறாதது என்ன தெரியுமா? அந்தச் சக்கரம் அப்படியே கீழே விழுந்திருந்தால் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. மண்தரை. தூசி கிளம்பியிருக்கும், கடப்பாரை போட்டு நிமிர்த்தியிருப்போம். காப்பாற்ற வேண்டிய அவசியமே இல்லாத ஒன்றைக் காப்பாற்றப் போய் ஒரு பையன் படுத்திருக்கிறான்.

குழந்தை, பாரம் விழுந்து அடிபட்டவர்களை விட, விழுகிற பாரத்தைப் பிடிக்கப் போய் அடிபட்டவர்களைத்தான் நான் பட்டறை வாழ்க்கையில் அதிகம் பார்த்திருக்கிறேன். நம் டீசல் வாத்தியார் “எவன்டா அங்கே பீமன்?” என்று கத்துவாரே, அப்போது நாம் சிரித்தோம். குறிப்பாக நீ சிரித்தாய். அவர் கத்தியது இதற்குத்தான் என்று இப்போது புரிகிறது. அதனால்தான் சொல்கிறேன், உன் வீட்டு வாசலில் எஞ்சின் இறங்குகிற அன்றைக்கு ஒரே ஒரு சட்டம்: விழுவது விழட்டும். வெளிக்கூடு, அந்த ஹௌசிங், உடைந்தால் வேறு ஹௌசிங் உக்கடத்தில் கிடைக்கும். பேரனும் அன்றைக்கு வாசலில் நிற்கக் கூடாது, அவனை அவன் பாட்டியோடு கோயிலுக்கு அனுப்பிவிடு.

நாலு பேர் கணக்கையும் பார்ப்போம். அந்த எஞ்சின் பிளைவீலோடு இருநூறு கிலோவுக்கு மேல். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது ஓர் ஆணுக்கு அதிகபட்சம் 55 கிலோ. சிமென்ட் மூட்டையே ஐம்பதுதான். நாலு பேர் என்றால் இருநூற்று இருபது, சரியாகத்தானே வருகிறது என்பாய். காகிதத்தில் வரும். சமதரையில், நாலு பேரும் ஒரே உயரத்தில், ஒரே நேரத்தில் தூக்கினால் வரும். எஞ்சினில் மூட்டை மாதிரி பிடிக்க இடமா இருக்கிறது? ஒருவனுக்கு மேனிஃபோல்டு கிடைக்கும், ஒருவனுக்கு எண்ணெய் வழியும் சம்ப்பின் விளிம்பு கிடைக்கும். பலகையில் சாய்த்தால் பாதிக்கு மேல் பாரம் கீழே நிற்பவன்மேல் வந்துவிடும். அந்த இடத்தில் நீதான் போய் நிற்பாய் என்று எனக்குத் தெரியும். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணிய வயிறு அது. டாக்டர் குடத்தையே தூக்க வேண்டாம் என்றார், தங்கச்சி சொன்னாள்.

அதனால் ஏற்பாட்டை நான் செய்துவிட்டேன். என்னிடம் சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்குகிற கப்பி, இரண்டு டன் செயின் பிளாக் இருக்கிறது, சங்கிலிக்குப் புதிதாக எண்ணெய் போட்டு, கொக்கியின் நாக்கு சரியாக மூடுகிறதா என்று பார்த்து வைத்திருக்கிறேன். பன்னிரண்டடி பைப்பில் செய்த மூன்று கால் ஸ்டாண்டை லேத்துக்கார அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். வேப்பமரக் கிளையில் பிளாக்கை மாட்டிவிடலாம் என்று மச்சினன் யோசனை சொன்னான். வேண்டவே வேண்டாம். கிளைக்குள்ளே பொந்து விழுந்திருக்கிறதா என்று வெளியே பார்த்தால் தெரியாது. முறிவதற்கு முன்னால் அது சொல்லிவிட்டு முறியாது.

செயின் பிளாக்கில் எனக்குப் பிடித்தது அதன் பலம் மட்டுமில்லை. கைச்சங்கிலியை விட்டுவிட்டால் சுமை அந்த இடத்திலேயே நிற்கும், உள்ளே பிரேக் இருக்கிறது. அந்த நேரத்தில் சுற்றிலும் பார்க்கலாம், யோசிக்கலாம், வேண்டுமென்றால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். கையால் தூக்கும்போது அந்த அவகாசம் கிடையாது, மூச்சை அடக்கிக்கொண்டு அவசரப்பட வேண்டியதுதான். முக்கால்வாசித் தப்பும் அந்த அவசரத்தில்தான் நடக்கிறது.

செய்முறை இதுதான். ஸ்டாண்டை வாசலுக்கு வெளியே கெட்டியான தரையில் நிறுத்தி, கால்கள் அகன்று வழுக்காமல் மூன்றையும் சுற்றிச் சங்கிலி கட்டுவோம். குட்டி யானை இரண்டு காலுக்கு நடுவே பின்பக்கமாக உள்ளே வரட்டும். எஞ்சினை ஒரு சாண் தூக்கியதும் வண்டி முன்னால் நகர்ந்துவிடும். அப்புறம் நேராக இறக்கி, கீழே போட்டிருக்கிற ஸ்லீப்பர் கட்டைமேல் உட்கார வைக்கலாம். பலகையே தேவையில்லை. இவ்வளவு நேரத்திலும் அதன் அடியில் ஒரு கை, ஒரு கால் போகக் கூடாது. சங்கிலி கட்டுவது என் பொறுப்பு. நைலான் கயிறு எதுவும் வாங்கி வைக்காதே, வார்ப்பு இரும்பின் விளிம்பு அதைக் கத்திபோல அறுத்துவிடும். இரண்டு பக்கச் சங்கிலியும் ரொம்ப விரிந்து நின்றாலும் ஆபத்துதான். நடுக்கோணம் 120 பாகைக்குப் போய்விட்டால் பாதிப் பாரம் தாங்க வேண்டிய ஒவ்வொரு பக்கமும் முழுப் பாரத்தையே தாங்க வேண்டிவரும்.

உக்கடத்திலேயே நீ செய்யவேண்டியது கொஞ்சம் இருக்கிறது. எண்ணெய் முழுக்க வடித்துவிடச் சொல். செல்ஃப் மோட்டார், டைனமோ, டீசல் பம்ப் மூன்றையும் கழற்றிச் சாக்கில் தனியாகக் கட்டி வாங்கிக்கொள். பாரமும் குறையும், பம்ப் உடையாமலும் வரும். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் ஒன்றாக மாட்டியபடி ஏற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே.

அப்புறம் உன் வீட்டு வாசல். போர்ட்டிகோவுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, ஞாபகம் இருக்கிறதா? மூடி போட்டு டைல்ஸ் ஒட்டிவிட்டதால் எல்லோரும் மறந்துவிட்டீர்கள். கியர் பாக்ஸை அதன் மேலாக உருட்டிக்கொண்டு போகக் கூடாது. மேற்குச் சந்து வழியாகத்தான் கொட்டகைக்குப் போகவேண்டும், அங்கே இருக்கிற துளசி மாடத்துக்கும் சுவருக்கும் நடுவில் எவ்வளவு அகலம் என்று அளந்து சொல். உருட்டுவதற்கு இரண்டங்குல ஜிஐ பைப் நான்கு துண்டு போதும். பைப்பை முன்னால் கொண்டுபோய்ப் போடுகிறவன் அதன் நுனியைப் பிடிக்க வேண்டும், உள்ளே விரல் விடக் கூடாது.

சின்ன வயசில் திருச்செங்கோட்டு வைகாசித் தேருக்குப் போவோமே. ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும் நம் கண்ணெல்லாம் முட்டுக்கட்டை போடுகிறவர்மேல்தான் இருக்கும். தேர் சாய்வில் இறங்கும்போது சக்கரத்துக்குக் கீழே கட்டையைச் செருகியதும் விலகிவிடுவார். தேரைத் தோள் கொடுத்து நிறுத்தப் பார்த்தவரை நாம் கண்டதுண்டா? திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக்கே பொருத்திக் கொடுத்திருக்கிறது. அப்படியும் முட்டுக்கட்டைக்காரர்கள் சக்கரத்தோடு நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அன்றைக்கு உன் வேலை அதுதான். நாலு ஆப்புக் கட்டை கையில் வைத்துக்கொள், உருளுகிற எதற்கும் இரண்டு பக்கமும் கட்டை போடு, பாரத்தை மட்டும் தொடாதே. குரல் கொடுக்கிறவன் ஒருவன்தான், அது நான். மச்சினன் ஒரு பக்கம் நீ ஒரு பக்கம் கத்தினால் நான் செயின் பிளாக்கைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

வண்டியைப் பிரிக்கும் வேலையை நான் வருகிற வரைக்கும் தொடாதே, இதையும் சொல்லிவிடுகிறேன். டிராக்டருக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது, எஞ்சினும் கியர் பாக்ஸும்தான் அதன் முதுகெலும்பு. நடுவில் பிரித்தால் முன்பாதி முன் ஆக்ஸில் மேல் மட்டும் நிற்கும், அந்த ஆக்ஸிலோ நடுவில் ஒரே பின்னில் ஆடுகிறது. இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து ஆட்டத்தை நிறுத்தாமல் போல்டைக் கழற்றினால் எஞ்சின் அப்படியே பக்கவாட்டில் கவிழும். முட்டுக் கொடுக்க ஹாலோ பிளாக் அடுக்கி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதை எடுத்துப் பின்பக்கச் சுவர் கட்டு. ஓர் ஓரத்தில் பாரம் விழுந்தால் நொறுங்கிப் போகிற சாமான் அது. எனக்குக் கெட்டி மரக்கட்டை வேண்டும்.

பையன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். நேற்றுப் பார்த்தேன். அவன் அம்மா கேட்டதெல்லாம், மாட்டுக்குத் தீவனம் அறுக்க யாராவது வருவார்களா என்பதுதான். தெருவில் முறை வைத்துப் போய்க்கொண்டிருக்கிறோம். நீ வருகிற போது அவனையும் பார்த்துவிட்டுப் போ, உனக்கு அவன் அப்பாவைத் தெரியும், கபடியில் உன் காலைப் பிடித்து இழுத்தாரே, அவர்தான்.

உக்கடத்திலிருந்து வண்டி என்றைக்குக் கிளம்புகிறது என்று இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிடு. வியாழன் வேண்டாம், லேத்துக்கார அண்ணனுக்கு அன்றைக்கு வேலை அதிகம், ஸ்டாண்டு கிடைக்காது. காலை ஏழு மணிக்குள் ஏற்றினால் வெயிலுக்கு முன் இறக்கிவிடலாம். சந்தின் அகலத்தை அளந்து எழுது, குத்துமதிப்பாகச் சொல்லாதே, டேப் வைத்து அள. தங்கச்சியிடம் பெரிய தோசைக்கல்லை எடுத்து வைக்கச் சொல், நாங்கள் ஐந்து பேர் வருகிறோம்.

அன்புடன்,
சுப்பிரமணி