நேப்பிள்ஸ் நெப்போலியனின் ஊர் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான இத்தாலியப் பயணக் கட்டுரையில், நேப்பிள்ஸ் நகருக்கு நெப்போலியனின் நினைவாகவே அப்பெயர் வந்தது என்று எழுதப்பட்டிருந்தது. ஒலி ஒற்றுமையைத் தவிர இதற்கு வேறு ஆதாரம் எதுவும் இல்லை. நெப்போலியன் பிறந்தது 1769இல், அந்நகரத்தாரோ கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே, ஒரு பக்கம் பெண் தலையும் மறுபக்கம் மனித முகம் கொண்ட காளையும் பொறித்த வெள்ளிக் காசுகளில் தங்கள் ஊர்ப்பெயரைக் கிரேக்க எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். 1806இல் நெப்போலியன் தம் அண்ணன் ஜோசப்பை அங்கே அரசராக அமர்த்தியது உண்மை. குழப்பம் அதிலிருந்து பிறந்திருக்கலாம்.

மூலப்பெயர் நேயாபொலிஸ். கிரேக்கத்தில் ‘நேயா’ என்றால் புதிய, ‘பொலிஸ்’ என்றால் நகரம். அன்றாடம் நாங்கள் நெரிசலில் சிக்கித் தவிக்கும் சாலைக்குப் பெயர் தந்த ஓசூரும் கன்னடத்தில் ‘ஹொச ஊரு’, அதாவது புதிய ஊர்தான் என்பதால், பெங்களூரு வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

புதியது என்றால் பழையது எது என்று கட்டுரையாளர் தேடியிருக்க வேண்டும். அருகிலிருந்த கூமே நகரத்துக் கிரேக்கர்கள் கடலோரக் குன்றொன்றில் முதலில் அமைத்த குடியிருப்பின் பெயர் பார்த்தெனோப்பே. கிரேக்கக் காவிய நாயகன் ஒடிசியஸைத் தன் பாட்டால் மயக்க முடியாமல் கடலில் விழுந்து மாண்ட, சைரன் எனப்படும் கடல் மோகினி ஒருத்தியின் உடல் அங்கே கரையொதுங்கியது என்னும் கதையிலிருந்து வந்த பெயர் அது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில், சற்று அப்பால், நேர்நேரான தெருக்களோடு புதிய நகரம் எழுந்தபின் முந்தையது ‘பலையாபொலிஸ்’, பழைய நகரம், ஆயிற்று. இரண்டிலும் ஒரே மக்களே வாழ்ந்தனர் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி குறிப்பிடுகிறார். அத்தெருவமைப்பு இன்னும் அழியவில்லை. நகரின் பழைய பகுதியைப் பிளந்துகொண்டு போகும் ஸ்பாக்கனாப்போலி என்னும் ஒடுங்கிய நெடுந்தெரு, அக்காலத் தெரு ஒன்றின் தடத்திலேயே செல்கிறது.

நேயாபொலிஸ் இத்தாலியர் வாயில் நாப்போலி என்றும், ஆங்கிலத்தில் நேப்பிள்ஸ் என்றும் சுருங்கியது. பாலஸ்தீனத்து நாப்லுஸ் நகரின் பெயரும் இதே கிரேக்கச் சொல்லின் அரபுத் திரிபே.

பழைய பெயரும் வழக்கொழிந்துவிடவில்லை. 1799இல் பிரெஞ்சுப் படையின் துணையோடு அங்கே தோன்றி, சில மாதங்களே நீடித்த குடியரசு பார்த்தெனோப்பேயக் குடியரசு என்றே அழைக்கப்பட்டது. நாப்போலி கால்பந்து அணியினரை இத்தாலியப் பத்திரிகைகள் இன்றும் ‘பார்த்தெனோப்பேயி’ என்று எழுதுகின்றன.

தொடர் இன்னும் முடியவில்லை என்பதால், அடுத்த பகுதியிலேயே இத்திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
அல்சூர், பெங்களூரு